இரண்டரைப் பொட்டு

1996 ஜனவரி பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்குச் சத்தியநாதன் முடிச்சூர் ஷெட்டுக்கு வந்து இரண்டு தேங்காய்த் துருவி கேட்டார். ராகுகாலம்.

மேற்குத் தாம்பரத்தில் புதிதாகத் திறந்திருந்த அண்டை நாட்டு வணிகத் தடை நீக்கக் கூட்டு அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். அலுவலகத்தின் பெயரைச் சொல்லி முடிக்க அவருக்கே இரண்டு மூச்சு பிடித்தது.

முன்பெல்லாம் இலங்கைக்குப் போகும் சரக்கை இங்கே ஒரு முறை சோதிப்பார்கள், அங்கே ஒரு முறை சோதிப்பார்கள். இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி அதை ஒழித்துவிட்டன. இனிமேல் ஒரு மாதிரி இங்கே இருக்கும், அதன் ஜோடி கொழும்பில் இருக்கும். இரண்டுக்கும் துணி சுற்றி அரக்கு முத்திரை. மாதிரியைப் போலவே இருக்கிற எந்தச் சரக்கும் தங்குதடையில்லாமல் போகலாம்.

"சோதனையே கிடையாது. ஒப்பீடு மட்டும்தான்" என்றார் சத்தியநாதன்.

ஷெட் முதலாளி அரிகிருஷ்ணனுக்கு அது சந்தோஷமாக இருந்தது. மேஜை விளிம்பில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் பற்கள் சுழன்று தேங்காயைப் பூவாய்ச் சீவும் துருவி அவருடையது. கொழும்பு வியாபாரி ஒருவர் ஆயிரத்து இருநூறு கேட்டிருந்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் கடைக்கு வந்தாக வேண்டும், பிந்தினால் வேண்டாம் என்று கடிதத்தில் இருந்தது. பிந்தினால் அரிகிருஷ்ணனுக்கு ஷெட்டே வேண்டியிருக்காது. அவருடைய மச்சான் கேசவன் மனை வியாபாரம் செய்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து ஷெட்டைக் காலால் அளந்துவிட்டுப் போவான்.

"ரெண்டு பீஸு குடு, தனக்கோடி" என்றார் அரிகிருஷ்ணன்.

தனக்கோடி பெட்டி கட்டும் பெண்களுக்குத் தலைவி.

"திரும்பி வருமாண்ணா?"

"வராது."

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். டஜன் டஜனாகக் கட்டியாயிற்று. இரண்டு எடுத்தால் ஒரு பெட்டி குறையும். பிறகு சாமி படத்தடியில் இருந்த இரண்டைப் பார்த்தாள். ஒவ்வொரு ஆர்டரிலும் முதலில் முடிகிற இரண்டு துருவிக்குச் சந்தனம் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, படத்தடியில் வைத்துவிடுவாள். அவற்றை விற்பதில்லை. ஒற்றையாக வைக்க அவளுக்கு மனசு வராது.

"விக்காத பொருளு. திரும்பாத எடத்துக்குப் போவட்டும்" என்று அந்த இரண்டையும் எடுத்து நீட்டினாள்.

சத்தியநாதன் பையிலிருந்து வெர்னியர் அளவியை எடுத்தார். நீளம், அகலம், பற்கள். பிறகு பொட்டுகள். ஒன்பது மில்லிமீட்டர், பதினொன்று, ஒன்பது.

"சார், அது பொட்டு சார். தொடச்சுக் குடுத்துடறேன்" என்றார் அரிகிருஷ்ணன்.

"தொடாதீங்க. எடுத்த மாதிரியைத் திருத்தறது குற்றம்."

"அது குங்குமம் சார்."

"தெரியுது. ஆனா பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. நிறம், வடிவம், அளவு, பயன். குறின்னா நாலு கட்டம்தான்."

நிறம் என்ற கட்டத்தில் சிவப்பு என்று எழுதினார். பயன் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

அந்தக் கட்டம் பிப்ரவரி கடைசியில் நிரம்பியது.

அலுவலகம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. முகூர்த்த நாட்களில் நாயனச் சத்தத்தில் கோப்புகள் நகர்ந்தன. பன்னிரண்டரைக்கு அலுவலகம் முழுவதும் பெண் வீட்டாராகக் கீழே இறங்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு மேலே வந்தது. அன்று கொழும்பிலிருந்து சேனரத்ன என்ற அதிகாரி வந்திருந்தார். புதிதாக ஒரு ஃபேக்ஸ் மெஷினும் வந்திருந்தது. இயக்குநர் யக்ஞநாராயணன் கீழே மண்டப வாசலிலிருந்து வரவேற்புத் தட்டை வரவழைத்து, மெஷின் நெற்றியில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். வாசலில் நின்ற அவருடைய ஜீப்புக்கும் பொட்டு இருந்தது. கோப்பு ஒவ்வொன்றின் மூலையிலும் இருந்தது.

அரிகிருஷ்ணன் சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. அவருடைய வலது கை தன்னால் காற்றில் ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் அப்படித்தான்.

சேனரத்ன விவரக் குறிப்பைப் படித்தார். மூன்று சிவப்பு வட்டங்கள் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

யக்ஞநாராயணன் ஒரு கணம் தயங்கினார். வெளிநாட்டு அதிகாரி. இரண்டு அரசுகளின் சின்னம் பொறித்த தாள்.

"பாதுகாப்பு எச்சரிக்கைக் குறி" என்று அவரும் ஆங்கிலத்தில் சொன்னார். "கூர்மையான பற்கள் இருக்கின்றன அல்லவா?"

சேனரத்ன தலையசைத்தார். அவருடைய நாட்டிலும் பாதுகாப்பை மிகவும் மதிப்பதாகச் சொன்னார். கட்டம் நிரம்பியது.

சுவரோரத்திலிருந்து அரிகிருஷ்ணன் சொன்னார்: "சார், அது சும்மா பூஜைக்கு வெச்சது சார். மத்த பீஸுல இல்ல சார்."

யக்ஞநாராயணன் அவரைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"மிஸ்டர் அரிகிருஷ்ணன், அது என்னன்னு இந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா ஃபைல் என்னத்துக்கு ஆகும்? உங்களுக்கு உங்க பொருள் மட்டும் தெரிஞ்சாப் போறும். எனக்கு ரெண்டு தேசம் தெரியணும்."

"அப்ப என் சரக்கு எப்ப சார் போவும்?"

"நாளைக்கே போகலாமே! தடையே கிடையாதே! மாதிரியைப் போல இருக்கணும், அவ்வளவுதான்."

மாதிரியைப் போல ஒன்றும் இல்லை. அரிகிருஷ்ணன் டி.வி.எஸ். ஐம்பதை முடிச்சூருக்கு விரட்டினார்.

"இன்னாண்ணா சொல்றே? ஆயிரத்து எரநூறுக்கும் பொட்டா?" என்றாள் தனக்கோடி. "கல்யாணமா, காதுகுத்தா?"

"வெச்சுடு. சரக்கு போவணும்னா வெக்கறதுதான்."

ஆறு பெண்கள் இரண்டு நாள் வைத்தார்கள். சத்தியநாதன் வந்து ஆயிரம் துருவிகளைத் தள்ளினார். அவை ஐந்து பேர் வைத்தவை. ரத்தினபாய் கட்டை விரலால் வைத்திருந்தாள், பதினாறு மில்லிமீட்டர். பச்சையம்மா வைத்தது சாய்ந்திருந்தது. தனக்கோடி வைத்தவை மட்டும் ஒப்பீட்டில் தேறின. மோதிர விரல் நுனியால் ஒன்பது, கொஞ்சம் அழுத்தினால் பதினொன்று, மறுபடி ஒன்பது. வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டுச் சத்தியநாதனே ஒரு தடவை தலையைச் சொறிந்துகொண்டார்.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. மாதிரியில் எந்த விரல் குறி வைத்ததோ, அந்த விரலே சரக்கிலும் குறி வைக்க வேண்டும். வேறு விரல் செல்லாது. தனக்கோடியின் வலது கை மோதிர விரல், கூட்டு அலுவலகத்தின் பதிவேட்டில் அளவுகருவி எண் ஒன்று என்று பதிவாகியது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை நேரில் கொண்டுவந்து அளவு சரிபார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. வெங்காயம் நறுக்கக் கூடாது. சூடான பாத்திரம் தொடக் கூடாது.

"அப்ப எங்க வூட்ல யாரு சமைக்கறது? எண்ணு போட்டவங்க வந்து ஆக்கிப் போடுவாங்களா?"

"விரலை மட்டும்தாம்மா சொல்லியிருக்கு" என்றார் சத்தியநாதன். "மத்த கையெல்லாம் உங்க விருப்பம்."

அவள் போய்விட்டு வந்தாள். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் போனாள். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து வெள்ளைத் தாளில் விரலை ஒற்றினாள். அவளுடைய விரலுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு சட்டி கழுவறாரு, அண்ணா" என்று திரும்பி வந்து சொன்னாள். "பதினெட்டு வருசமா நான் சொல்லிக் கேக்கல. சர்க்காரு சொன்னதும் கேக்கறாரு."

மூவாயிரத்து அறுநூறு பொட்டு. ஒரே விரல். மார்ச் பதினெட்டுக்கு முடிந்தது. அரிகிருஷ்ணன் லாரிக்குச் சொல்லி வைத்தார். பத்தொன்பதாம் தேதி காலை, பொட்டு வைத்த ஃபேக்ஸ் மெஷின் முதல் முறையாக உபயோகமான ஒரு செய்தியைத் துப்பியது.

கொழும்பில் உள்ள மாதிரியின் துணி வழியே இரண்டு வட்டங்களே தெரிகின்றன. மூன்றாவதைக் காணவில்லை. துணி உரசலில் போயிருக்கலாம். எனினும் மாதிரி மாதிரியே.

மறுபடியும் கூட்டம். சேனரத்ன விமானத்தில் வந்தார். கீழே மண்டபத்தில் யாருக்கோ நிச்சயதார்த்தம். அரிகிருஷ்ணன் அதே சுவரோரம் நின்றார். கை சுற்றியது. இந்தியா மூன்று என்றது. இலங்கை இரண்டு என்றது. அவருக்குச் சரக்கு போனால் போதும், எத்தனை வேண்டுமானாலும் வைக்கத் தயார் என்று சொல்ல வாய் திறந்தார். உற்பத்தியாளருக்குக் கருத்து இருக்கக் கூடாது என்று சத்தியநாதன் ஜாடை காட்டினார்.

நாலு மணிக்கு யக்ஞநாராயணன் எழுந்து பேசினார்.

"இன்னிக்கு ஒரு பெரிய நாள். பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு தேசம், ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்காம, தோக்காம, ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். அவங்க அரை ஏறி வந்திருக்காங்க. நாம அரை இறங்கி வந்திருக்கோம். இனிமே ரெண்டு நாட்டுக்கும் பொதுவான எச்சரிக்கைக் குறி இரண்டரை. இந்த அரையை அளந்து எடுத்தது யாரு? நானும் மிஸ்டர் சேனரத்னவும். இதனால வியாபாரம் நடக்கும், நடக்காது, அது வேற விஷயம். புரிதல் நடந்திருக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். சேனரத்ன யக்ஞநாராயணனைக் கட்டிக்கொண்டார். புகைப்படம் எடுத்தார்கள்.

"எந்தப் பாதி சார்?" என்றார் அரிகிருஷ்ணன்.

கை தட்டுவது நின்றது.

"வரைபடத்தில் நாம மேலே இருக்கோம்" என்றார் யக்ஞநாராயணன் யோசித்து. "மேல் பாதிதான் நியாயம்."

சேனரத்ன கட்டிக்கொண்ட கையை எடுத்தார். அந்த விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் ஒரு வாரம் எடுத்தது. இரு நாட்டுக்கும் சம்பந்தமில்லாத இடது பாதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தனக்கோடி போஸ்ட் கார்டு ஒன்றை நேராக வைத்து, ஈரத்துணியால் ஆயிரத்து இருநூறு பொட்டில் வலது பாதியைத் துடைத்தாள். துடைக்கும் விரலுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கேசவன் வந்தான். வண்டியிலிருந்து நான்கு மனைக்கல் இறக்கினான். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கற்கள்.

"ஷெட்டு இன்னும் ஓடிகினு கீதுடா" என்றார் அரிகிருஷ்ணன்.

"ஓடட்டும் மச்சான். கல்லு சும்மா மூலையில நிக்கட்டும். சோறா கேக்குது?" கேசவன் ஒரு துருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இன்னா மச்சான், அரைப் பொட்டு வெச்சுகினு கீறே? மீதி அரை எங்க?"

அரிகிருஷ்ணன் துருவியை வாங்கிப் பெட்டியில் போட்டார். கேசவன் போன பிறகு ஷெட்டைச் சுற்றி நடந்தார். மறுபடி நடந்தார். மூலைக்கு மூலை ஒரு கல் நின்றது. நடந்தால் கல், நின்றால் கல். கொழும்புக் கப்பல் ஏப்ரல் ஆறு சனிக்கிழமை காலை. அதை விட்டால் அடுத்தது புத்தாண்டுக்குப் பிறகு.

ஏப்ரல் ஐந்து, புனித வெள்ளி; விடுமுறை நாளிலும் அலுவலகத்தைத் திறந்து வைத்துக் கடைசி ஒப்பீடு. சேனரத்ன கொழும்பு மாதிரியைக் கையோடு கொண்டுவந்தார். தனக்கோடியும் வர வேண்டும் என்று ஓலை வந்திருந்தது. அளவுகருவி இல்லாமல் ஒப்பீடு கிடையாது. அவள் விரலை முந்தானையில் பொத்திக்கொண்டு டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நாலு மணிக்கு லாரி முடிச்சூருக்கு வரும். மணி பத்தே கால்.

இரண்டு மாதிரிகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். துணி பிரிக்காமல் ஒப்பிட முடியாது. சத்தியநாதன் அரக்கை உடைத்தார். துணியைப் பிரித்தார்.

எல்லோரும் மேஜையை நெருங்கினார்கள்.

இரண்டு துருவியிலும் ஒன்றுமே இல்லை. இரும்பு மட்டும் இருந்தது. குங்குமம் துணியில் ஒட்டி இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தது. கொழும்பில் மிச்சமிருந்த இரண்டும் வழியில் போயிருந்தன. இங்கே இரும்பு பீரோவில் பூட்டி வைத்த மூன்றும் போயிருந்தன.

"ஒண்ணுமே இல்ல சார்!" என்றார் அரிகிருஷ்ணன். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவருடைய கை நின்றது. "ரெண்டும் ஒரே மாதிரி கீது சார்! சுத்தமா கீது சார்!"

சேனரத்ன குனிந்து பார்த்தார். ஒரே மாதிரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனால் முத்திரை உடைந்த மாதிரி மாதிரியாகாது" என்றார் சத்தியநாதன் வருத்தத்தோடு. விதி ஏழைக் காட்டினார். "புதுசா ரெண்டு வேணும். இப்பவே முத்திரை வெச்சு, சரக்கு அது மாதிரி இருந்தா, இன்னிக்கே விட்டுடலாம்."

"வெறும் பீஸு குடுத்தா?"

"வெறும் பீஸ் குடுத்தா சரக்கும் வெறும் பீஸா இருக்கணும்."

"எச்சரிக்கைக் குறி?" என்றார் அரிகிருஷ்ணன்.

சத்தியநாதன் யக்ஞநாராயணனைப் பார்த்தார். யக்ஞநாராயணன் சேனரத்னவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"மாதிரியில இல்லாததை நாம எப்படி வலியுறுத்தறது?" என்றார் யக்ஞநாராயணன். "விதின்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

அரிகிருஷ்ணன் படிகளில் இறங்கியது யாருக்கும் தெரியவில்லை. டி.வி.எஸ். ஐம்பது முடிச்சூருக்குப் பறந்தது. ஷெட் வாசலிலிருந்தே கத்தினார். எல்லாத்தையும் தொடைங்க, ஒரு புள்ளி இருக்கக் கூடாது, ரெண்டரையும் வேணாம், அரையும் வேணாம். ரத்தினபாய் வாளியைத் தூக்கினாள். ஆறு மாதமாக அந்த ஷெட்டில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. கண்ணெதிரே முதல் நூறு வெறும் இரும்பாக ஆயின. அதிலிருந்து இரண்டை எடுத்து, வேட்டி முனையால் இன்னொரு முறை துடைத்து, காகிதத்தில் சுற்றினார். மூலையில் நின்ற ஒரு கல்லைப் போகிற போக்கில் காலால் தள்ளிச் சாய்த்தார்.

மேலே ஏறும்போது பதினொன்று ஐம்பது.

மேஜைமேல் வைத்தார். தனக்கோடி எட்டிப் பார்த்தாள். தன் விரலையும் பார்த்தாள். முந்தானையில் இருந்து அதை வெளியே விட்டாள்.

"இன்னிக்கு வூட்டுக்குப் போயி வெங்காயம் நறுக்கலாமாண்ணா?"

"நறுக்கு. மூட்டையா வாங்கித் தரேன் நறுக்கு."

சத்தியநாதன் அளந்தார். நிறம், வடிவம், அளவு. குறிக்கு உரிய நாலு கட்டத்திலும் குறுக்கே இல்லை என்று எழுதினார். மெழுகுவத்தி கொளுத்தினார். அரக்குக் குச்சியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் யக்ஞநாராயணன். கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு அடிக்கட்டும். போன தடவை ராகுகாலத்துல எடுத்துண்டு வந்து என்ன பாடு பட்டோம் பார்த்தேளா?"

அரக்குக் குச்சி மெழுகுவத்திக்கு மேல் நின்றது. அரிகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். முள் நகரவில்லை. ஷெட்டில் இப்போது எத்தனை துடைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டார். நானூறு இருக்கும். நாலு மணிக்குள் முடிந்துவிடும். கை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்தது. பியூன் கீழே மண்டபத்திலிருந்து வரவேற்புத் தட்டோடு வந்து நின்றான். எப்போது சொல்லி அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக எது வந்தாலும் தட்டு வரும். அது அந்த அலுவலகத்தின் வழக்கம்.

"சார்" என்றார் அரிகிருஷ்ணன்.

"ஒரு செகண்ட் இருங்கோ. நல்ல காரியம் ஆரம்பிக்கறோம்."

"சார், வேணாம் சார்—"

யக்ஞநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. விரல் தன்னால் சந்தனத்துக்குப் போய், குங்குமத்துக்குப் போய், முதல் துருவியின் நடுவில் அழுத்தமாக இறங்கியது. கண்ணைத் திறந்து திருப்தியோடு பார்த்தார். பிறகு விருந்தாளியை மறக்கக் கூடாது என்று தட்டைச் சேனரத்ன பக்கம் திருப்பினார். சேனரத்ன புன்னகைத்தார். இந்த நாட்டின் வழக்கங்களை அவர் மதிப்பவர். கட்டை விரலைத் தோய்த்து இரண்டாவது துருவியில் வைத்தார். கொஞ்சம் வழிந்தது.

சத்தியநாதன் தாளைப் பார்த்தார். இல்லை என்ற சொல்லை அடித்தார். வெர்னியரை எடுத்தார்.

"பதினாலு மில்லிமீட்டர்" என்று படித்துக்கொண்டே எழுதினார். "மற்றது, பத்தொன்பது. கீழ்ப் பக்கம் வால்."

துணி சுற்றினார். அரக்கு சொட்டியது. பித்தளை முத்திரை இரண்டு முறை இறங்கியது. சேனரத்ன யக்ஞநாராயணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கீழே மண்டபத்தில் இலை போடும் சத்தம் கேட்டது.

அரிகிருஷ்ணன் சுவரில் சாய்ந்தார். அவருடைய கை சுற்றவில்லை, தொங்கியது. தனக்கோடி முன்னால் வந்தாள். யக்ஞநாராயணனின் விரலைப் பார்த்தாள். சேனரத்னவின் விரலைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாகக் கேட்டாள்:

"ஐயா, ஷெட்டுல ஆயிரத்து எரநூறு பீஸு கீது. ரெண்டு பேரும் வெரலை எப்ப எடுத்துகினு வர்றீங்க?"